பழைய கத்தியின் முகத்தோடு ஒரு புதுக் கத்தி: கையால் செய்ய முழுமையான வழிகாட்டி

பழங்காலக் கத்தி மாதிரி ஒன்றைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் துருவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பளபளப்பான புதுக் கத்தியை அமிலத்தில் முக்கிக் கறுப்பாக்கி, பிடியைத் தீயில் வாட்டி, சங்கிலியால் நாலு அடி போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கையில் வாங்கிப் பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும், இதற்கு வயதாகவில்லை, காயம்தான் பட்டிருக்கிறது என்று. நானும் முதல் இரண்டு கத்திகளை அப்படித்தான் செய்தேன்.

பிறகுதான் ஒரு பழைய கசாப்புக் கத்தியை மேசைமேல் வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கத் தொடங்கினேன். பிடியை ஒட்டிய இடத்தில் அலகு அகலமாக இருந்தது. அங்கிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, வாய், அதாவது வெட்டும் விளிம்பு, சட்டென்று உள்வாங்கியிருந்தது. தீட்டுகல் பிடி வரைக்கும் போய்ச் சேராது அல்லவா? கல் படாத இடம் பழைய அகலத்திலேயே நின்றுவிட்டது, மற்றதெல்லாம் வருடக்கணக்கில் தேய்ந்துபோனது. பிடியின் ஓரத்தை நகத்தால் வருடினால், மரத்தைவிட இரும்பு மயிரிழை உயரமாகத் தட்டுப்பட்டது. மரம் காலப்போக்கில் சுருங்கும், இரும்பு சுருங்காது. ரிவெட்டுகளைச் சுற்றி மரத்தில் கறுப்பு வளையம். ஆட்காட்டி விரல் அழுந்தும் இடத்தில் மட்டும் முதுகு மழுங்கி, வழவழவென்று மின்னியது.

அந்தக் கத்தியில் காரணமில்லாத தழும்பு ஒன்றுகூட இல்லை. நம் கத்தியிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். கல் எங்கே பட்டிருக்கும், கை எங்கே பிடித்திருக்கும், ஈரம் எங்கே தங்கியிருக்கும் என்று யோசித்து யோசித்துத்தான் ஒவ்வொரு படியையும் செய்யப்போகிறோம்.

எந்தக் காலத்துக் கத்தி?

காலத்தை முதலில் முடிவு செய்துவிடுங்கள். இங்கே நான் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 1750 முதல் 1850 வரை புழங்கிய சாதாரண வேலைக்கத்தி. இடுப்பிலும் இருக்கும், சமையலறையிலும் இருக்கும். மெல்லிய தகடு, நேரான முதுகு, இரண்டு மரச் சில்லு வைத்து ரிவெட் அடித்த பிடி, அவ்வளவுதான். இத்தகைய கத்திகளுக்குப் பேர்போன ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் எஃகை மூசையில் (உருக்கும் மண்கலத்தில்) உருக்கி வார்க்கும் முறையை அங்கேதான் நிலைநிறுத்தினார். கரிமம் சீராகப் பரவிய நல்ல எஃகு கிடைக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 1834-ல் மாசசூசெட்ஸில் ஜான் ரஸ்ஸல் தொடங்கிய ஆலையின் 'கிரீன் ரிவர்' கத்திகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. படங்களைத் தேடி நிறையப் பாருங்கள். அலகும் பிடியும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது கண்ணில் பதிய வேண்டும்.

காலத்தை முடிவு செய்தால், எதெல்லாம் இருக்கக் கூடாது என்பதும் தெளிவாகிவிடும். ஹாரி பிரியர்லி 1913-ல் ஷெஃபீல்டில் உருக்கிய பிறகுதான் துருப்பிடிக்காத எஃகு கத்திகளுக்கு வந்தது. அதனால் அது வேண்டாம். எபாக்ஸி பசையும் 20-ம் நூற்றாண்டுச் சரக்கு. கூட்டல் குறித் தலை கொண்ட திருகும் அப்படியே. பெல்ட் கிரைண்டரில் தேய்த்தால் பிடிக்கு முன்னால் செங்குத்தாக ஒரு கோடு விழுமே, அதுவும் இந்தக் காலத்து அடையாளம். பழைய அலகுகளில் அந்த இடம் மெல்ல இறங்கிக் கலந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலையிலிருந்து வந்த கறுப்புச் செதிலை அலகின் பக்கங்களில் அப்படியே விட்டுவிட்டால் பழமையாகத் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் காலத்துக் கொல்லர்கள் விற்பனைக்கு வைத்த கத்திகளைப் பெரும்பாலும் கல்லில் தேய்த்துச் சுத்தமாகவே கொடுத்தார்கள். செதில் விட்ட கத்தி இந்தக் காலத்து ரசனை. அழகுதான், ஆனால் நம் கத்திக்குப் பொருந்தாது.

எஃகு, கருவிகள்

1084 என்ற எண்ணில் விற்கும் எஃகுப் பட்டையை வாங்குங்கள். அதில் கரிமம் ஏறத்தாழ 0.84 சதவீதம். கலப்புகள் குறைவு, சூட்டில் சிறு பிழை நேர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். தடிமன் 2.5 மி.மீ., அகலம் 32 மி.மீ., நீளம் 26 செ.மீ. போதும். 1095 எஃகும் நல்லதுதான். ஆனால் அதை மிக வேகமாகக் குளிரவைக்க வேண்டியிருக்கும், முதல் கத்திக்கு வேண்டாம். பழைய அரத்திலிருந்து செய்வது அந்தக் காலத்திலேயே இருந்த வழக்கம். ஆனால் இப்போது வரும் மலிவு அரங்கள் சிலவற்றில் மேல்தோல் மட்டுமே கடினம், உள்ளே வெறும் இரும்பு. ஒரு துண்டை உடைத்து, சூடேற்றித் தோய்த்துச் சோதித்த பிறகே இறங்குங்கள். அரத்தின் பற்களையும் முழுக்கத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பற்களின் பள்ளத்திலிருந்துதான் விரிசல் தொடங்கும்.

ஒரு வைஸ், முரடும் மென்மையுமாக இரண்டு மூன்று அரம், இரும்பு அறுக்கும் ரம்பம், டிரில், 80 முதல் 1000 வரை உப்புத்தாள், சிறு சுத்தியல், காந்தம், வெப்பமானி. சூடேற்ற ஒரு சிறு கேஸ் உலை அல்லது கரி உலை. துத்தநாகம் பூசிய இரும்பு எதையும் உலைக்குள் விடாதீர்கள், அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு. கண்ணாடியும் தூசிக் கவசமும் வேலை முடியும் வரை முகத்திலேயே இருக்கட்டும்.

வடிவம் வெட்டுவது

அட்டையில் வரைந்து, வெட்டி, கையில் பிடித்துப் பாருங்கள். என் அளவு: அலகு 14 செ.மீ., பிடி 11 செ.மீ. முதுகு நேராகப் போய், கடைசி மூன்று செ.மீ.யில் மெல்ல இறங்கட்டும். பிடிக்குள் போகும் பகுதியை நான் வால் என்று சொல்கிறேன். அதைப் பிடியின் முழு அகலத்துக்கும் விட்டுவிடுங்கள். அப்போதுதான் மரத்துக்கு நடுவே இரும்பு விளிம்பு வெளியே தெரியும், பின்னால் அது நமக்கு உதவும்.

தேய்மானத்தை இந்தக் கட்டத்திலேயே வரைந்துவிட வேண்டும், கடைசியில் அல்ல. முதலில் புதுக் கத்தியின் முழு வடிவத்தை வரையுங்கள். பிறகு அதன் உள்ளே, பென்சிலால், நாற்பது ஐம்பது வருடம் தீட்டியபின் எப்படி இருக்கும் என்று இன்னொரு கோடு போடுங்கள். பிடியை ஒட்டிய 10 மி.மீ. தூரத்துக்கு இரண்டு கோடும் ஒன்றுதான். அதற்கப்புறம் இரண்டாவது கோடு 3 மி.மீ. உள்வாங்குகிறது. வயிற்றுப் பகுதியில் 4 மி.மீ. வரைக்கும்கூடப் போகலாம். முனையில் வளைவு தேய்ந்து, சற்றுக் கூம்பிப்போயிருக்கும். வெட்ட வேண்டியது இந்த இரண்டாவது கோட்டை. ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக இருக்கக் கூடாது. கையால் தீட்டிய வாய் மெல்லிய அலைபோலத்தான் இருக்கும்.

ரம்பத்தால் வெட்டி, அரத்தால் ஓரங்களைச் சரிசெய்யுங்கள். வாலை முன்னால் 2.5 மி.மீ.யில் தொடங்கி, பின்முனையில் 1.5 மி.மீ. ஆகும்வரை தேய்த்துச் சரிவாக்குங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் நன்றாகச் செய்த பழைய கத்திகளில் இந்தச் சரிவைப் பார்க்கலாம், கையில் எடுத்ததும் எடை முன்னும் பின்னும் சமமாக நிற்பதும் இதனால்தான். ரிவெட்டுக்காக 3 மி.மீ. துளை மூன்று, இப்போதே போட்டுவிடுங்கள். எஃகு கெட்டியான பிறகு டிரில் ஏறாது. மூன்று துளையும் அச்சுப் பிசகாமல் ஒரே கோட்டில் வந்துவிட்டால், ஒன்றை ஒரு நூல் தள்ளியே போடுங்கள். அந்தக் காலத்தில் கண் அளவில்தான் துளை போட்டார்கள்.

அலகின் சரிவை முதுகிலிருந்து வாய் வரை தட்டையாக அரத்தால் இறக்குங்கள். முதுகும் பிடியிலிருந்து முனைக்குப் போகப் போக மெலிய வேண்டும், முனை அருகே 1.5 மி.மீ. வந்தால் போதும். இப்போது கிடைக்கும் 'பழங்காலக் கத்தி'களில் பெரும்பாலானவை கண்ணுக்கு உறுத்துவதற்குக் காரணம் இந்தத் தடிமன்தான். பழைய வேலைக்கத்திகள் மெல்லியவை, நன்றாக வெட்டியவை. தோய்ச்சலுக்கு, அதாவது சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்குவதற்கு, முன் வாயில் 1 மி.மீ. தடிமன் விட்டுவையுங்கள். அதற்கும் மெலிதானால் எண்ணெயில் இறங்கியதும் கோணிக்கொள்ளும்.

சூடும் தோய்ச்சலும்

முதலில் எஃகின் உள் இறுக்கத்தைப் போக்க வேண்டும். நல்ல ஆரஞ்சு நிறம் வரும்வரை, அதாவது ஏறத்தாழ 870 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, காற்றிலேயே கறுக்கும்வரை ஆறவிடுங்கள். அடுத்த முறை 815, அதற்கடுத்து 760 என்று சூட்டைக் குறைத்து மூன்று முறை செய்யுங்கள்.

அடுத்தது தோய்ச்சல். கத்திக்கு உயிர் வருவது இங்கேதான். இந்த வேலையை விளக்கைக் குறைத்துவிட்டு, மங்கலான இடத்தில் செய்யுங்கள். வெயிலில் இரும்பின் நிறம் கண்ணை ஏமாற்றும். தாவர எண்ணெயை மூடியுள்ள ஓர் உலோகப் பாத்திரத்தில் ஊற்றி, 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள். ஆறிய எண்ணெய் கெட்டியாக இருந்து, மெதுவாகக் குளிர்விக்கும். பிளாஸ்டிக் பாத்திரம் கூடவே கூடாது. எண்ணெயில் தீப்பிடித்தால் மூடியை வைத்து அடக்குங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அலகை உலைக்குள் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருங்கள். 770 டிகிரியில் எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அங்கே நிறுத்திவிடாமல் இன்னும் கொஞ்சம், 815 வரை போக வேண்டும். இந்த நேரத்தில் அலகை உற்றுப் பார்த்தால் அழகான ஒன்று நடக்கும். செக்கச் சிவந்த எஃகுக்குள் மெல்லிய நிழல் ஒன்று மேகம்போல நகரும். வாய்ப்பக்கம் தெளிந்துகொண்டே வர, முதுகுப் பக்கத்தில் நிழல் இன்னும் மிதந்துகொண்டிருக்கும். எஃகின் உள்ளமைப்பு மாறும்போது அது சூட்டை உறிஞ்சுவதால் வரும் நிழல் அது. நிழல் முழுக்கக் கலைந்து, அலகு முழுவதும் ஒரே நிறமாக வந்தபின் சில நொடி பொறுங்கள். அதுதான் பதம்.

முனை கீழாக, நேரே எண்ணெயில் இறக்குங்கள். வாய் போகும் திசையில் முன்னும் பின்னும் ஆட்டலாம், பக்கவாட்டில் ஆட்டினால் கோணும். பத்து நொடி கழித்து வெளியே எடுத்துப் பாருங்கள். வளைந்திருந்தால், தடித்த கையுறையோடு, இரண்டு பலகைக்கு நடுவே அழுத்தி நேராக்க உங்களுக்கு அரை நிமிடம்தான் இருக்கிறது. முழுக்க ஆறியபின் வளைக்கப் போனால் கண்ணாடிபோல உடையும்.

ஆறியதும் அரத்தால் வாயில் ஒரு இழு இழுங்கள். கண்ணாடிமேல் வழுக்குவது போல வழுக்கினால் சரி. கடித்தால் சூடு போதவில்லை, மறுபடி செய்யுங்கள்.

இப்போது அலகு கடினம், ஆனால் நொறுங்கும். உடனே 'அவன்' (oven) எனும் மூடிய சூட்டடுப்பில் வைத்து 220 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். சுத்தம் செய்த எஃகில் வைக்கோல் நிறத்தைத் தாண்டிய பழுப்பு வரும். இன்றைய கத்திக்காரர்கள் 200 டிகிரியில் நிறுத்தி, இன்னும் கடினமாக வைத்துக்கொள்வார்கள். நான் வேண்டுமென்றே கொஞ்சம் மென்மையாக விடுகிறேன். சாதாரணக் கல்லில் சீக்கிரம் கூர் ஏறும். இந்த வகைக் கத்திக்கு அதுதான் குணம்.

கல் விட்ட கோடுகள்

கறுப்பை எடுத்து, 120, பிறகு 220 உப்புத்தாளால் தேயுங்கள். வாயில் தடிமன் அரை மி.மீ.க்குக் கீழே வரட்டும். தேய்க்கும் திசை முக்கியம். அந்தக் காலத்தில் பெரிய மணற்கல் சக்கரத்தில் அலகைக் குறுக்காக வைத்துத் தேய்த்தார்கள், அதனால் கோடுகள் முதுகிலிருந்து வாய்க்கு இறங்கும். நீளவாக்கில் ஓடும் அரக்கோடு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. கடைசியில் 220 தாளை முதுகிலிருந்து வாய்க்கு இழுத்து இந்தக் கோடுகளைப் பதித்துவிட்டு, மேலே 600 தாளால் எண்ணெய் தொட்டு மேலோட்டமாகத் தடவுங்கள். பாதிக் கோடு அழிந்து, பாதி ஆழத்தில் நிற்கும். கண்ணாடிபோல மின்னவைத்துவிட்டுத் துருவேற்றினால் ஒட்டவே ஒட்டாது, தோற்றத்திலும் பொய் தெரியும்.

இப்போது முதுகின் ஓரங்கள். பிடியிலிருந்து மூன்று நான்கு செ.மீ. வரை, விரல் அழுந்தும் இடத்தில், நன்றாக மழுக்குங்கள். முனைப்பக்கம் போகப் போக ஓரம் கொஞ்சம் கூர்மையாகவே இருக்கட்டும். யாரும் அங்கே விரல் வைத்திருக்க மாட்டார்கள்.

முத்திரை வேண்டுமானால் உங்கள் சொந்த எழுத்தைப் பதியுங்கள், தோய்ச்சலுக்கு முன்பே அடித்திருக்க வேண்டும். பழைய ஆலைகளின் பெயரைப் பதிக்காதீர்கள். நான் என் எழுத்தையும் செய்த வருடத்தையும் மரச்சில்லுக்கு அடியில் வாலில் பொறித்துவிடுகிறேன். ஐம்பது வருடம் கழித்து யாராவது பிடியைக் கழற்றிப் பார்த்தால் உண்மை தெரிய வேண்டும். பழைய பொருள் என்று சொல்லி விற்பது ஏமாற்று வேலை.

துருவைக் கறுப்பாக்குவது

நான் பயன்படுத்தும் முறை புதிதல்ல. துப்பாக்கிக் குழல்களுக்கு நிறமேற்ற வெகுகாலம் கையாண்ட முறைதான்: துருப்பிடிக்கவிடு, கொதிக்கவை, தேய். சிவந்த துரு கொதிநீரில் கறுப்பு ஆக்சைடாக மாறிவிடும். அந்தக் கறுப்பு எஃகோடு ஒட்டி நின்று, மேலும் துரு பரவுவதை ஓரளவு தடுக்கவும் செய்யும். கொதிநீர் 100 டிகிரிதான், நாம் பதம் போட்டது 220-ல். அதனால் கூருக்கு ஆபத்தில்லை.

அலகைப் பாத்திரம் கழுவும் சோப்பால் நன்றாகக் கழுவி, அசிட்டோனால் துடையுங்கள். இதற்குப் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் ரேகையின் எண்ணெய் பட்ட இடம் துருவேறாமல், ரேகையாகவே நிற்கும். ஒரு கோப்பை வினிகரில் ஒரு கரண்டி உப்பைக் கரைத்து, துணியால் மெல்ல ஒற்றுங்கள். சொட்டுச் சொட்டாக நிற்கக் கூடாது. ஒரு மூடிய பெட்டிக்குள், அடியில் வெந்நீர்க் கிண்ணம் வைத்து, அலகைத் தொங்கவிடுங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ஆரஞ்சு நிற மாவு பூத்திருக்கும். காய்ச்சி வடித்த நீரில் இருபது நிமிடம் கொதிக்கவையுங்கள். சிவப்பு முழுக்கக் கறுத்து, பட்டுத் துணி போல மெத்தென்று ஆகும். எண்ணெய் பூசாத மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் (இரும்பு நார்ப் பஞ்சு) தூளைத் துடைத்து எடுங்கள். இப்படி மூன்று நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நிறம் ஆழமாகும்.

எங்கே ஆழமான குழிகள் வேண்டும் என்று யோசியுங்கள். ஈரம் தங்கியிருக்கக்கூடிய இடம் பிடியின் விளிம்பு, முதுகின் ஓரம், தோல் உறைக்குள் நெடுநாள் கிடந்திருந்தால் முனைப்பக்கம். அந்த இடங்களில் மட்டும் உப்பு வினிகரில் நனைத்துப் பிழிந்த மரத்தூளை அப்பி, ஒரு நாள் விடுங்கள். தூள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எஃகைத் தொடும், அதனால் குழியும் அப்படித்தான் விழும். கடுகு விழுதைப் புள்ளி புள்ளியாக வைத்துக் கறையேற்றும் வழக்கம் ஒன்று உண்டு. சிறுத்தைத் தோல் போல இருக்கும், எந்தப் பழைய கத்தியிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. வாயை ஒட்டி எங்கேயும் குழி வேண்டாம். தீட்டத் தீட்ட அது போயிருக்கும் என்பது ஒன்று, நாளைக்கு நீங்கள் தீட்டும்போது கூர் நிற்காது என்பது இன்னொன்று.

ஒரு எச்சரிக்கை. வேகம் வேண்டி பிளீச் ஊற்றுகிறவர்கள் உண்டு. பிளீச்சும் வினிகரும் கலந்தால் குளோரின் வாயு வரும். அமோனியாவோடு கலந்தாலும் நச்சுவாயுதான். என் பட்டறையில் பிளீச்சுக்கு இடமே இல்லை.

கடைசிச் சுற்று முடிந்ததும் புதுத் தண்ணீரில் சமையல் சோடா போட்டு ஒருமுறை, பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை கொதிக்கவையுங்கள். குழிக்குள் உப்பு மிஞ்சினால் ஆறு மாதம் கழித்துச் சிவப்பு மறுபடி எட்டிப்பார்க்கும். சூடாக இருக்கும்போதே எண்ணெய் தடவி, ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

இப்போது கையில் இருப்பது கறுப்புக் கத்தி, பழைய கத்தி அல்ல. பழசாவது துடைப்பதில்தான். மெல்லிய மரச் சாம்பலை எண்ணெயில் குழைத்து, துணியில் தொட்டு, ஒருவர் தினமும் வேலை முடிந்து கத்தியைத் துடைப்பது போலவே துடையுங்கள். பிடியிலிருந்து முனைக்கு, மறுபடி பிடியிலிருந்து முனைக்கு. அலகின் நடுவில் வெள்ளி கலந்த சாம்பல் நிறம் எழும். முதுகில் விரல் படும் இடம் மின்னும். குழிகளிலும் பிடியை ஒட்டியும் கறுப்பு தங்கும். ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படாதீர்கள், என்னைக் கேட்டால் இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற வேலையெல்லாம்.

பிடி

வால்நட், பீச், செர்ரி, மேப்பிள், எதுவும் ஆகும். நன்றாகக் காய்ந்த பலகையாக இருக்க வேண்டும். 9 மி.மீ. தடிமனில் இரண்டு சில்லு வெட்டி, உட்பக்கத்தைத் தட்டையாக்குங்கள். முன்விளிம்பை இப்போதே முடித்துவிடுங்கள், பொருத்தியபின் அலகைக் கீறாமல் அதைத் தேய்க்க முடியாது. எலும்போ மான் கொம்போ வைத்தால் அதன் தூசியைச் சுவாசிக்காதீர்கள்.

பசைக்குப் பழைய முறை பைன் பிசின். ஐந்து பங்கு பிசின், ஒரு பங்கு தேன்மெழுகு, ஒரு பங்கு பொடித்த கரி. நேரடி நெருப்பில் வைக்காமல், மெல்லிய சூட்டில் உருக்குங்கள், தீப்பற்றும் சரக்கு. ஒரு சொட்டை எடுத்துக் குளிரவைத்து உடைத்துப் பாருங்கள். கண்ணாடிபோலச் சிதறினால் மெழுகு கூட்டுங்கள், பிசுபிசுத்தால் பிசின். வாலைக் கொஞ்சம் சூடாக்கி, பசை தடவி, சில்லுகளை அழுத்துங்கள். பிசினின் வேலை இடுக்கை அடைத்து ஈரத்தைத் தடுப்பது. பிடித்து நிறுத்துவது ரிவெட்.

ரிவெட்டுக்கு 3 மி.மீ. இரும்புக் கம்பியே எனக்குப் பிடிக்கும். பித்தளையும் தாமிரமும் அந்தக் காலத்தில் உண்டு. வாலின் துளை வழியே மரத்தைத் துளைத்து, வெளிவாயைக் கொஞ்சம் கூம்பாக்குங்கள். கம்பி இரண்டு பக்கமும் ஒன்றரை மி.மீ. நீட்டிக்கொண்டு இருக்கட்டும். கீழே இரும்புத் தாங்கல் வைத்து, சிறு சுத்தியலால், ஓங்கி அடிக்காமல், தட்டித் தட்டித் தலையை விரியுங்கள். நாலு தட்டு இந்தப் பக்கம், நாலு தட்டு அந்தப் பக்கம். பலமாக அடித்தால் கம்பி துளைக்குள்ளேயே பருத்து மரத்தைப் பிளந்துவிடும். எனக்கு ஒரு நல்ல வால்நட் சில்லு அப்படித்தான் போனது, கடைசி ரிவெட்டின் கடைசி அடியில்.

பிடிக்கு வயதேற்றுவது

அரத்தாலும் சுரண்டியாலும் பிடியைக் கைக்கு அமைவாக உருட்டுங்கள். முட்டையின் குறுக்குவெட்டு போல, முதுகுப்பக்கம் சற்றுக் குறுகலாக. வாலும் மரமும் ஒரே மட்டமாக வந்தபின், உடைந்த கண்ணாடித் துண்டாலோ சுரண்டியாலோ மரத்தை மட்டும் மயிரிழை கீழே இறக்குங்கள். சுருங்கிய மரத்தின் அந்த உணர்வு இப்படித்தான் வரும். நகத்துக்குத் தட்டுப்பட வேண்டும், கையை உறுத்தக் கூடாது. ரிவெட் தலைகளும் அதே அளவுக்கு மேலே நிற்கட்டும்.

நிறத்துக்கு, ஒரு பிடி ஸ்டீல் வுல்லை வினிகரில் மூன்று நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். மூடியை இறுக்காமல் வையுங்கள், உள்ளே வாயு உண்டாகும். மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புச் சத்தோடு இது சேர்ந்ததும் கறுக்கும். வால்நட்டில் அந்தச் சத்து தானாகவே இருக்கிறது. பீச், மேப்பிளுக்கு முதலில் கெட்டித் தேயிலைச் சாற்றை இரண்டு முறை தடவிக் காயவிடுங்கள். இந்த இரும்புச் சாற்றைப் பிடி முழுவதும் பூசாதீர்கள். சிறு தூரிகையால் ரிவெட்டுகளைச் சுற்றியும், வாலை ஒட்டிய கோட்டிலும், முன்விளிம்பிலும் மட்டும் தொடுங்கள். ஈரமான இரும்பு மரத்தைத் தொட்ட இடமெல்லாம் கறுப்பது இயற்கையாகவே நடப்பதுதான், நாம் அதை முந்திச் செய்கிறோம். நடுப்பகுதிக்குத் தேயிலைச் சாறு மட்டும் போதும்.

கை பிடித்த அடையாளத்தை உங்கள் கையே சொல்லும். உள்ளங்கையில் கொஞ்சம் கரித்தூளைப் பூசிக்கொண்டு, வெட்டுவது போலக் கத்தியைப் பிடித்துவிட்டு விடுங்கள். கரி பட்ட மேடுகள்தான் தேய வேண்டியவை. அங்கே உப்புத்தாள் போடாமல், வழவழப்பான எலும்பாலோ இரும்புக் கம்பியாலோ அழுத்தி அழுத்தித் தேயுங்கள். மரம் அமுங்கி மின்னும். சங்கிலியால் அடிப்பதை விட்டுவிடுங்கள். அடிபட்டிருக்கக்கூடிய இடம் பிடியின் பின்முனைதான், அவசரத்துக்கு எதையாவது தட்டியிருப்பார்கள். அங்கே இரண்டு மூன்று பள்ளம் போதும்.

பிறகு ஆளிவிதை எண்ணெய். மிக மெல்லிய பூச்சு, ஒரு நாள் இடைவெளி, ஐந்தாறு முறை. எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிப் போடாதீர்கள். உலரும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது அது. விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீரில் போடுங்கள். கடைசியில் தேன்மெழுகில் விளக்குக் கரியைக் குழைத்து இடுக்குகளில் அப்பி, மேட்டை மட்டும் துணியால் துடைத்து எடுங்கள்.

கூர்

தீட்டுவதைக் கடைசிக்கு வைத்தேன், காரணம் இருக்கிறது. உழைத்த கத்தியில் அலகு எவ்வளவு மங்கியிருந்தாலும் வாய் மட்டும் வெள்ளையாக மின்னும். 400 கல்லில் தொடங்கி 1000-ல் முடியுங்கள். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 18 டிகிரி. பிடியை ஒட்டிய அந்த 10 மி.மீ.யைத் தொடாதீர்கள். கல் அதற்கு முன்னாலேயே நிற்கட்டும். தோல் வாரில் நாலு இழுப்பு இழுத்தால் போதும், கண்ணாடிப் பளபளப்பு வேண்டாம்.

முதல் ஒரு மாதம் அதைச் சமையலறையில் புழங்குங்கள். எலுமிச்சை, ஆப்பிள், வெங்காயம் நறுக்கினால் சாற்றின் அமிலம் சாம்பலும் நீலமுமாக மெல்லிய படலம் ஏற்றும். நாம் போட்ட கறுப்பும் துடைத்த வெள்ளையும் அந்தப் படலத்துக்குக் கீழே ஒன்றாகக் கலந்துவிடும். உடனே கழுவி, உடனே துடையுங்கள், ஊறப்போடாதீர்கள். எங்காவது சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தால், சாம்பலும் எண்ணெயும் தொட்டு, பிடியிலிருந்து முனைக்கு, அதே திசையில் துடைத்துவிடுங்கள்.